வேலையோடு கட்டிப்போட்ட வீடு: டர்ஹாம் சுரங்க ஊர்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹாம் மாவட்ட கவுன்சில் 1951இல் ஒரு வளர்ச்சித் திட்டம் போட்டது. மாவட்டத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தார்கள். ஏ என்றால் ஆள் பெருகும், பணம் போடலாம். பி ஊர்கள் இருக்கிறபடியே இருக்கும். சி ஊர்கள் மெல்லச் சுருங்கும். டி ஊர்களில் இனிப் பெரிதாக எந்தச் செலவும் செய்வதில்லை; அங்கே இருக்கும் வீடுகள் குடியிருக்க லாயக்கற்றுப் போனதும் மாற்று வீடுகள் வேறு ஊரில் கட்டித் தரப்படும். மொத்தம் 357 ஊர்கள். அவற்றில் 114 டி பட்டியலில் விழுந்தன.

அவற்றில் பெரும்பாலானவை நிலக்கரிக்காக முளைத்த ஊர்கள். கரி தீர்ந்துவிட்டது, அல்லது சீக்கிரம் தீரப்போகிறது. கரி இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் வீடு எதற்கு? கணக்கு சுலபமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த 114 ஊர்களிலும் குடும்பங்கள் இருந்தன. வாசற்படிக் கல்லை வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவி, தோட்டத் துண்டில் லீக்ஸ் பயிரிட்டு, மரக்கூண்டில் புறா வளர்த்து, இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள். தங்கள் ஊர் டி என்று தெரிந்ததும் அவர்களுக்கு வந்த கோபம் கால் நூற்றாண்டு தணியவில்லை.

அந்தக் கணக்கை 1951இன் அதிகாரிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கும் நூறு வருடம் முன்பே சுரங்க முதலாளிகள் வீட்டையும் வேலையையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள். அந்த முடிச்சு எப்படி விழுந்தது என்று பார்த்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

டர்ஹாமின் மேற்கே கரிப்படுகை மேலாகவே கிடைத்தது. கிழக்கே, கடலோரம் போகப் போக, அது மக்னீசியச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஆழத்தில் இறங்கிவிடுகிறது. 1820களில் ஹெட்டன் என்ற இடத்தில் அந்தப் பாறையைத் துளைத்து இறங்க முடியும் என்று காட்டினார்கள். அதன் பிறகு சுரங்கங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தன. கடலோர ஈசிங்டனில் 1899இல் தோண்டத் தொடங்கினார்கள்; நீரூற்று ஓயாததால் மண்ணையே உறைய வைத்துத் துளைத்து, 1910இல்தான் கரியைத் தொட்டார்கள். பக்கத்து ஹோர்டனில் 1900இல் வேலை தொடங்கியது. கரி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் சுரங்கம். அந்த இடம் பெரும்பாலும் வெறும் விவசாய நிலம். ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், தங்க ஒரு கூரைகூடக் கிடையாது. ஆக, சுரங்கம் தோண்டியவனே வீட்டையும் கட்ட வேண்டியிருந்தது.

முதல் உலகப் போருக்கு முந்தைய வருடம், 1913இல், டர்ஹாம் சுரங்கங்கள் 4 கோடி டன்னுக்கும் மேல் கரி எடுத்தன. ஏறத்தாழ 1,65,000 பேர் வேலை செய்தார்கள். இத்தனை பேரில் பெரும்பாலோர் இருந்தது ஒரு சுரங்கம், நாலைந்து தெரு, ஒரு மெதடிஸ்ட் தேவாலயம், ஒரு கூட்டுறவுக் கடை என்ற அளவிலான ஊர்களில்தான். தெருவுக்குப் பெயர் வைக்கக்கூட நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. ஹோர்டனில் முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு என்று எண்ணிக்கொண்டே போனார்கள். ஈசிங்டனில் ஆங்கில அகரவரிசைப்படி ஏ எழுத்துத் தெருக்கள், பி எழுத்துத் தெருக்கள்.

டர்ஹாமிலும் அதை ஒட்டிய நார்த்தம்பர்லாந்திலும் ஒரு தனி வழக்கம் இருந்தது. கரி வெட்டும் கல்யாணமான ஆளுக்கு வீடு இலவசம், அடுப்புக்குக் கரியும் இலவசம். வீடு கொடுக்க முடியாவிட்டால் அதற்குப் பதில் வாடகைப் படி. கேட்கும்போது நல்ல ஏற்பாடாகத்தான் படும். ஆனால் அது வீடாகக் கொடுத்த கூலி. கையில் கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்க முடியாது. வீட்டைத் திருப்பிக் கேட்க முடியும். நம் மலைத்தோட்டங்களில் லயத்து வீடு கொடுத்த முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீடு யாருக்கு என்பதிலும் ஒரு தராசு இருந்தது. சுரங்கத்துக்கு ஆள் கொடுக்கும் குடும்பம்தான் கம்பெனிக்கு வேண்டிய குடும்பம். மூன்று மகன்கள் இருக்கிறவருக்கு வீடு கிடைப்பது சுலபம், ஏனென்றால் அந்த மூவரும் நாளைக்குக் குழிக்குள் இறங்குவார்கள். அப்பா விபத்தில் இறந்துவிட்டால், அல்லது நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டால், வீடு யாருடையது? சுரங்கத்தில் வேலை செய்யும் மகன் ஒருவன் இருந்தால் தப்பித்தார்கள். இல்லையென்றால் விதவை பெட்டி கட்ட வேண்டியதுதான். பள்ளிப் படிப்பில் ஆர்வமுள்ள பையன் ஏன் பதின்மூன்று, பதினான்கு வயதில் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இதுதான். அவன் இறங்கியது கூலிக்காக மட்டுமல்ல, தலைக்கு மேலிருந்த கூரைக்காகவும்தான்.

அந்தக் கூரையும் ஒன்றும் பிரமாதமில்லை. பழைய வரிசைகளில் கீழே ஒன்றோ இரண்டோ அறை, ஏணி வைத்து ஏறும் பரண். அப்பா அம்மா கீழே, பிள்ளைகள் மேலே. தண்ணீருக்குத் தெருக்கோடியில் பொதுக்குழாய். கழிப்பிடம் பின்சந்துக்கு அப்பால், சாம்பல் கொட்டும் குழியோடு சேர்ந்தது. அந்தப் பக்கத்து வழக்கில் அதற்கு நெட்டி என்று பெயர். இலவசக் கரியை வண்டியில் கொண்டுவந்து பின்சந்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ சுவரிலிருக்கும் சிறு கதவு வழியாக அதைக் கரிக்கொட்டிலுக்குள் அள்ளிப் போட வேண்டும். அதே சந்துக்குக் குறுக்கேதான் துணிக்கொடியும். கரிவண்டி வரும் சத்தம் கேட்டால், வெளுத்துக் காயப்போட்ட துணியையெல்லாம் தூக்கிப் பிடித்து வழிவிட வேண்டும்.

1919இல் நிலக்கரித் தொழிலை விசாரிக்க நீதிபதி சாங்கி தலைமையில் அமைந்த ஆணையம் நாடு முழுவதும் சுரங்கத் தொழிலாளர் வீடுகளைப் பற்றியும் சாட்சியம் கேட்டது. சில இடங்களில் வீடுகள் நாகரிகத்துக்கே இழுக்கு என்றும், அவற்றைக் கண்டிக்க ஒரு நீதிபதியின் மொழியில் போதிய வார்த்தை இல்லை என்றும் அவர் எழுதினார். வார்த்தையை அளந்து பேசுவதே தொழிலாகக் கொண்டவர் எழுதியது இது.

வீடு எப்படி ஆயுதமாகும் என்பது வேலைநிறுத்தங்களில்தான் முழுதாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் டர்ஹாமில் பாண்ட் என்ற ஒப்பந்த முறை இருந்தது. தொழிலாளி கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ஒரு வருடத்துக்கு ஒரே சுரங்கத்தோடு தன்னைக் கட்டிக்கொள்வார். நடுவில் விட்டுப் போனால் சிறைக்குப் போக நேரும். அந்த முறை 1872இல்தான் ஒழிந்தது. 1831, 1832இல் தாமஸ் ஹெப்பர்ன் என்ற தொழிலாளி கட்டிய சங்கம் எழுந்தபோது, முதலாளிகள் முதலில் கைவைத்தது வீட்டில். கேட்ஸ்ஹெட் பக்கம் ஃப்ரையர்ஸ் கூஸ் என்ற இடத்தில் 1832 மே மாதம் குடும்பங்களை வெளியேற்றப் போனபோது பெரிய மோதலே நடந்தது.

1844இல் மறுபடி மாவட்டம் முழுக்க வேலைநிறுத்தம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கட்டில், மேசை, தொட்டிலெல்லாம் தெருவில். சாலையோரத்திலும் வயல்வெளியிலும் போர்வையால் கூடாரம் கட்டித் தங்கினார்கள். பெரிய சுரங்க அதிபரான லண்டன்டெரி பிரபு, தன் நகரமான சீஹாமின் கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை விட்டார். வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கடனில் சாமான் கொடுக்கும் கடைகளோடு தனக்கு இனி வியாபாரம் கிடையாது என்று. அயர்லாந்தில் தனக்கிருந்த நிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சுரங்கத்தில் இறக்கினார். வீடு, கடை, வேலை மூன்றும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

வீட்டைக் காலிசெய்ய வரும் கூலியாட்களுக்கு டர்ஹாம் மக்கள் வைத்த பெயர் கேண்டிமேன். தெருவில் மிட்டாய் விற்றுத் திரிந்தவர்களையெல்லாம் நாள்கூலிக்குப் பிடித்து வந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். 1891இல் சில்க்ஸ்வொர்த்தில் அவர்கள் போலீஸ் காவலோடு வந்து வீடு வீடாகச் சாமான்களை வெளியே வைத்தார்கள். அந்தச் சொல் அங்கே தலைமுறைகளுக்கு வசைச்சொல்லாக இருந்தது.

சரி, பெண்களுக்கு என்ன வேலை? 1842ஆம் வருடச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களும் சுரங்கத்துக்குள் இறங்குவதைத் தடை செய்தது; டர்ஹாமில் அதற்கு வெகுகாலம் முன்பே பெண்கள் இறங்குவது நின்றுவிட்டது. சுரங்க ஊரில் வேறு தொழிலும் இல்லை. கல்யாணம் வரைக்கும் எங்காவது பணக்கார வீட்டில் வேலைக்காரி, அதற்கப்புறம் சுரங்கத் தொழிலாளியின் மனைவி. கூலி எழுதாத அந்த வேலை சுரங்கத்தின் கடிகாரத்தோடு பிணைந்திருந்தது. குளிக்க வசதி சுரங்கத்தில் கிடையாது. கரி பூசிய உடம்போடு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, தகரத் தொட்டியில் நிரப்பி, ஈர உடையைக் காயவைத்து, அடுத்தவருக்குச் சோறு எடுத்து வைக்க வேண்டும்.

1908இல் நாடாளுமன்றம் எட்டு மணி நேர வேலைச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் டர்ஹாமில் கரி வெட்டுபவர்கள் அதற்கு முன்பே ஏழு மணி நேரத்துக்குள்தான் வேலை செய்தார்கள், இரண்டு ஷிப்டாக. பையன்கள்தான் நீண்ட நேரம் உழைத்தார்கள். புதுச் சட்டத்துக்குப் பொருந்த மூன்று ஷிப்ட் முறையை முதலாளிகள் கொண்டுவர, சங்கத் தலைமையும் கையெழுத்துப் போட்டுவிட்டது. 1910 ஜனவரியில் ஊர் ஊராக வேலையை நிறுத்தினார்கள். காரணம் வீடுதான். அப்பா ஒரு ஷிப்ட், மூத்தவன் ஒரு ஷிப்ட், வீட்டில் தங்கியிருக்கும் இன்னொருவர் வேறு ஷிப்ட் என்றால், அடுப்பு அணையாது, அம்மா படுக்கவே முடியாது. வேலைநேரம் பற்றிய சண்டையில் வீட்டுப் பெண்களின் தூக்கமும் ஒரு கோரிக்கையாக எழுந்தது என்பது, தொழிற்சங்க வரலாற்றில் அதிகம் பேசப்படாத விஷயம். இதை இன்னும் நிறைய பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதியவர்கள் இன்னொரு பக்கம். ஐம்பது வருடம் உழைத்து, உடம்பு முடியாமல் சுரங்கத்தை விட்டு நின்றால் அன்றோடு வீடும் போய்விடும். மகன் வீட்டில் இடமிருந்தால் அங்கே. இல்லையென்றால் ஏழைகள் விடுதி. இதைப் பார்த்துச் சகிக்க முடியாத ஜோசப் ஹாப்பர் என்ற சுரங்கத் தொழிலாளி, மெதடிஸ்ட் பிரசங்கியாரும்கூட, ஒரு யோசனை சொன்னார். சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவர் கூலியிலிருந்தும் ஒரு சிறு தொகை எடுத்து, வேலையிலிருந்து நின்றவர்களுக்கு நாமே வீடு கட்டுவோம். 1898இல் டர்ஹாம் முதிய சுரங்கத் தொழிலாளர் வீட்டுச் சங்கம் பிறந்தது. முதல் வீடுகள் ஹாஸ்வெல் மூர் என்ற இடத்தில், கைவிடப்பட்ட பழைய சுரங்க வீடுகளை வாங்கிச் சீர்செய்தவை. பின்னர் ஊர் ஊராக ஒற்றைத்தள வீட்டு வரிசைகள் எழுந்தன. முதலாளி கட்டாத, வேலையோடு கட்டாத வீடுகள்.

1919இல் டர்ஹாம் மாவட்ட கவுன்சிலைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. நாட்டிலேயே அக்கட்சி பிடித்த முதல் மாவட்ட கவுன்சில் அது. தலைமையில் பீட்டர் லீ, பத்து வயதில் சுரங்கத்துக்குப் போனவர். குடிநீர், கழிவுநீர், மருத்துவமனை என்று கவுன்சில் வேகமாக இறங்கியது. அப்புறம் 1926இன் நீண்ட கதவடைப்பு, 1930களின் வேலையின்மை. மேற்கு டர்ஹாம் ஊர்களில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. அரசு 1928இலேயே ஒரு இடமாற்ற வாரியம் அமைத்து, சுரங்க மாவட்டங்களின் ஆட்களை மத்திய, தெற்கு இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. ஆளை வேலை இருக்கும் இடத்துக்கு நகர்த்துவதா, வேலையை ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. 1930களின் நடுவில் கேட்ஸ்ஹெட் அருகே டீம் வேலி தொழிற்பேட்டை வந்தது. அது இரண்டாவது வழி. ஆனால் மேற்கு டர்ஹாம் மலைச்சரிவு ஊர்களிலிருந்து அது தூரம்.

1947 ஜனவரி 1. சுரங்கங்கள் தேசியமயமாகின. வாசல்களில் பலகை நட்டார்கள், இனி இது மக்களுக்காகத் தேசிய நிலக்கரி வாரியம் நடத்தும் சுரங்கம் என்று. சுரங்கத்தோடு நாடு முழுவதும் சுமார் 1,40,000 வீடுகளும் வாரியத்துக்கு வந்து சேர்ந்தன. முதலாளி மாறினார். ஆனால் வீடும் வேலையும் ஒரே கையில் இருப்பது மாறவில்லை.

அந்தச் சமயத்தில் ஈசிங்டன் வட்டார கவுன்சிலின் பொறியாளர் சி. டபிள்யூ. கிளார்க், சிதறிக் கிடக்கும் சுரங்க ஊர்களுக்கு நடுவே ஒரு நல்ல நகரம் வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1948இல் அறிவிக்கப்பட்ட பீட்டர்லீ. லண்டனின் உபரி மக்களைக் குடியேற்ற மேலிருந்து திட்டமிட்ட நகரங்கள் அந்தக் காலத்தில் பல. பீட்டர்லீ சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களே கேட்டு வாங்கிய நகரம். கட்டட வடிவமைப்புக்கு வந்தவர் பெர்த்தோல்ட் லூபெட்கின், அன்றைய பெரிய பெயர். உயரமான கட்டடங்கள், நெருக்கமான நகர மையம் என்று கனவு கண்டார். நிலக்கரி வாரியம் குறுக்கே வந்தது. நகரத்துக்கு அடியில் கரி இருக்கிறது, அதை எடுக்க வேண்டும், எடுத்தால் மேலே நிலம் இறங்கும், ஆகவே உயரமாகக் கட்டக் கூடாது என்றது. இழுபறியில் வெறுத்துப்போய் 1950இல் லூபெட்கின் விலகினார். கரியிலிருந்து விடுபட நினைத்த நகரத்தின் உயரத்தையும் கரிதான் தீர்மானித்தது.

இந்த நிலையில்தான் 1951இன் நான்கு எழுத்துகள் வந்தன. நியாயமாகச் சொல்ல வேண்டும்: கவுன்சிலில் இருந்தவர்கள் மக்கள்மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். பலர் சுரங்கத் தொழிலாளர்கள், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். போருக்குப் பின் பணம் இல்லை, சிமெண்ட் இல்லை, செங்கல் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு ஊர்களுக்குத் தனித்தனியே கழிவுநீர்க் குழாய் போடுவதைவிட, சில ஊர்களில் நல்ல வீடும் பள்ளியும் தொழிற்சாலையும் ஒன்றாகக் கட்டலாம், பெண்களுக்கும் வேலை கிடைக்கும் என்று நினைத்தார்கள். ஓட்டை வீட்டில் வளர்ந்தவர்கள் அந்த வீடுகளை ஒழிக்க நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் கணக்கில் ஒரு அடிப்படைப் பிழை இருந்தது. 1951இல் பல ஊர்களில் வீடும் வேலையும் ஏற்கெனவே பிரிந்துவிட்டன. உள்ளூர்ச் சுரங்கம் மூடியபின் ஆண்கள் பஸ் ஏறிப் பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த சுரங்கத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ போய்வந்தார்கள். ஊர் அவர்களுக்கு வேலையிடமாக இல்லாமல் போய்ப் பல வருடமாகியிருந்தது. அக்கம்பக்கம், தேவாலயம், கிளப், கல்லறை எல்லாம் அங்கேதான் இருந்தன. பழைய கம்பெனி வீட்டைச் சொற்ப விலைக்குச் சொந்தமாக வாங்கி, குளியலறை கட்டி, மின்சாரம் இழுத்தவர்களும் இருந்தார்கள். முதலாளி போட்ட முடிச்சை மக்களே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். திட்டம் அதைத் திரும்பக் கட்டியது.

டி எழுத்து வேலை செய்த விதம் கொடுமையானது. புல்டோசர் உடனே வரவில்லை. புதுவீட்டுக்கு அனுமதி கிடையாது. தெருவிளக்கு, சாலை, சாக்கடை எதற்கும் பணம் வராது. இந்த ஊர் போகப்போகிறது என்று தெரிந்ததும் கடைக்காரர் போகிறார், இளம் தம்பதிகள் போகிறார்கள், பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். வீட்டைச் சரிசெய்ய யார் காசு போடுவார்கள்? பழுது பார்க்காத வீடு சீக்கிரமே குடியிருக்க லாயக்கற்றது ஆகிறது. அப்போது அதிகாரி வந்து பார்த்துவிட்டு, சொன்னோமே, இது இடிக்க வேண்டிய வீடுதான் என்கிறார். லாயக்கற்ற வீடு என்று முத்திரை விழுந்தால், அன்றைய சட்டப்படி பெரும்பாலும் மனைக்கு மட்டும்தான் இழப்பீடு, கட்டடத்துக்கு இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டுக்குக் கையில் வருவது காலி மனையின் விலை.

எல்லோரும் அழுதுகொண்டே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளோடு ஈரச் சுவருக்குள் தவித்த பல இளம் பெண்கள் பீட்டர்லீயிலோ வேறு புதுக் குடியிருப்பிலோ உள்ளேயே கழிப்பறையும் வெந்நீரும் உள்ள வீடு கிடைத்ததைக் கொண்டாடினார்கள். சண்டை புது வீட்டை எதிர்த்து அல்ல. அதை இங்கேயே கட்டித் தரக் கூடாதா என்பதுதான் கேள்வி. விட்டன் பார்க் என்ற ஊர் அதை விடாமல் கேட்டது. ஒரு காலத்தில் பெரிய இரும்பாலை இருந்து, அது 1884இல் மூடி, வேலையில்லாத காலத்தை ஏற்கெனவே ஒருமுறை தாண்டி வந்த ஊர் அது. தெருக்கள் இடிபட்டன, ஆனால் மக்கள் கூட்டம் போட்டு, மனு எழுதி, தாக்குப்பிடித்தார்கள். ஊர் இன்றும் இருக்கிறது. அடிசன் போன்ற ஊர்கள் இன்று இல்லை. 1960களில் பட்டியல் 121 ஊர்களாக வளர்ந்து, 1977இல் கொள்கையே கைவிடப்பட்டது. பட்டியலில் இருந்த ஊர்களில் பெரும்பாலானவை அழியாமல் தப்பின. ஆனால் கால் நூற்றாண்டு செலவில்லாமல் விடப்பட்ட ஊருக்கு, தப்பியது என்ற சொல் முழுதாகப் பொருந்தாது.

இடையில் சுரங்கங்களே மூடிக்கொண்டிருந்தன. 1947இல் நூறுக்கு மேல் இருந்தவை 1960களில் மளமளவென்று குறைந்தன. வாரியம் டர்ஹாம் ஆட்களை நாட்டிங்ஹாம்ஷயர், யார்க்ஷயர் சுரங்கங்களுக்கு மாற்றியது. அங்கே வாரிய வீடும் உண்டு. நாட்டிங்ஹாம் அருகே காட்கிரேவ் என்ற சிறு கிராமம் 1960களில் சுரங்க ஊராகப் பெருத்தபோது, வந்து குடியேறியவர்களில் வடகிழக்கு ஆட்கள் நிறைய. முப்பது வருடத்துக்குள் அந்தச் சுரங்கமும் மூடிவிட்டது. அதே குடும்பங்கள் இரண்டாம் முறை அதே இழப்பைப் பார்த்தன. ஊரில் தங்கியவர்களின் வீடுகளிலோ புதுத் தொழிற்பேட்டைத் தையல் ஆலைகளும் மின்பொருள் ஆலைகளும் முதன்முறையாகப் பெண்களுக்குப் பெருமளவில் சம்பளம் கொண்டுவந்தன. ஆண் சம்பளத்தைவிட மிகக் குறைவுதான். ஆனாலும் பல வீடுகளில் அடுப்பெரிந்தது அதில்தான்.

1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடந்த வேலைநிறுத்தத்தில் கேண்டிமேன்கள் வரவில்லை. வாடகை பாக்கி, வீட்டுக்கடன் தவணை, மின்கட்டண நோட்டீஸ் வந்தன. பெண்கள் பொதுச் சமையல் நடத்தினார்கள். கடற்கரையில் ஒதுங்கிய கரியைப் பொறுக்கிக் குளிர்காய்ந்தார்கள். தோற்றுத் திரும்பியபின் முடிவு விரைவாக வந்தது. ஒரு காலத்தில் 4,000 பேருக்கு மேல் வேலை செய்த ஹோர்டன் 1987இல் மூடியது. 1951இல் ஒரே வெடிவிபத்தில் 83 உயிர்களைப் பறிகொடுத்த ஈசிங்டன் 1993இல். அதே வருடம் டிசம்பரில், சண்டர்லண்டில் வியர்மவுத் மூடியதோடு டர்ஹாம் ஆழ்சுரங்கக் காலம் முடிந்தது. அந்த இடத்தில் இன்று கால்பந்து மைதானம்.

சுரங்கத்துக்கு முன்பே வாரியம் வீடுகளை விற்றுத் தீர்த்திருந்தது. குடியிருந்தவர்கள் வாங்கியவை சில. வீட்டுவசதிச் சங்கங்களுக்குப் போனவை சில. மீதி மொத்தமாக ஏலத்தில், ஊரைக் கண்ணால் பார்க்காத முதலீட்டாளர்களுக்கு. வேலை போன ஊரில் வீட்டு விலை விழுந்தது. மலிந்த வீட்டை வாங்கியவர் பழுது பார்க்காமல் வாடகைக்கு விட்டார். வாடகைக்கு வந்தவர் ஆறு மாதத்தில் போனார். காலி வீட்டில் செம்புக்குழாயைப் பிடுங்கினார்கள். பக்கத்து வீட்டின் விலையும் விழுந்தது. ஹோர்டனின் எண் தெருக்களில் ஒரு வீடு ஒரு புது காரின் விலைக்கும் குறைவாகப் போனது. டி எழுத்து யாரும் எழுதவில்லை. அது செய்ததையே சந்தை செய்தது.

வேலையின்மைக் கணக்கும் ஏமாற்றியது. சுரங்கங்கள் மூடிய மாவட்டங்களில் பதிவான வேலையில்லாதோர் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு ஏறவே இல்லை. காரணம், ஐம்பது வயதில் முதுகும் நுரையீரலும் தேய்ந்த ஆண்கள் வேலை தேடுவோர் பட்டியலுக்குப் பதிலாக நோய்ப்படிப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 1990களில் இதைக் கணக்கிட்டுக் காட்டி, மறைந்த வேலையின்மை என்றார்கள்.

இன்று அங்கே இருப்பவர்கள் கிடங்கு, அழைப்பு மையம், முதியோர் பராமரிப்பு, கடை என்று வெளியூர் போய் வேலை செய்கிறார்கள். மர்ட்டனின் பழைய சுரங்க நிலத்தில் ஒரு பெரிய கடைவளாகமே நிற்கிறது. ஹோர்டனில் 1964இல் மூடிய ரயில் நிலையம் 2020இல் திரும்பத் திறந்தது. வீட்டையும் வேலையையும் இணைக்க ஒரு ரயில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2022 முதல் டர்ஹாம் கவுன்சில் பல பகுதிகளில் வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறது. சீஹாமுக்கு அருகே டாடன் சுரங்கத்திலிருந்து இறைக்கும், 18 முதல் 20 டிகிரி வெதுவெதுப்பான நீரை வைத்துப் புதுக் குடியிருப்பைச் சூடேற்றும் திட்டமும் உண்டு.

ஹாப்பர் தொடங்கிய சங்கம் இன்னும் இயங்குகிறது. டர்ஹாம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதனிடம் உள்ளன. சுரங்கம் போய், வாரியம் போய், டி எழுத்தும் போனபின்னும் அந்த ஒற்றைத்தள வரிசைகளில் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். விண்ணப்பிக்க அவர்கள் சுரங்கத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்பதுகூட இப்போது கட்டாயமில்லை.